கப்பி மீன் குஞ்சுகளின் முதல் 30 நாட்கள்

கொல்கத்தா நகரின் வடபகுதியில் உள்ள காலிஃப் தெரு, செல்லப் பிராணிகளுக்கான ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. பறவைகள், பூச்செடிகள் ஆகியவற்றுடன் வண்ண மீன்களும் அங்கே பெருமளவில் விற்பனைக்கு வருவதுண்டு. நீரும் காற்றும் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பைகளில் சிறு மீன்கள் மின்னிக்கொண்டிருக்கும். ஹௌரா, வடக்கு 24 பர்கானா, தெற்கு 24 பர்கானா ஆகிய மாவட்டங்களில் வீட்டுக் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்க்கப்பெறும் மீன்கள் கொல்கத்தாச் சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. இவ்வளர்ப்போரில் பலரும் முதன்முதலில் கையாண்ட மீன் கப்பி ஆகும்.

கப்பியை வாங்குவதற்குச் செலவு குறைவு, வளர்ப்பதற்கும் எளிது. எல்லாவற்றிற்கும் மேலாக, அது முட்டையிடுவதில்லை. கடைக்காரர்கள் அதனைக் 'குட்டி போடும் மீன்' என்றே அழைக்கின்றனர். இரண்டு மூன்று பெண் மீன்களை ஒரு தொட்டியில் விட்டால், சில வாரங்களுக்குள் ஒரு காலைப்பொழுதில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் நீரின் மேற்பரப்பில் துள்ளுவதைக் காணலாம். வீட்டில் உள்ள சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் தொட்டியைச் சூழ்ந்து நிற்பர். அந்த மகிழ்ச்சி பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. முப்பது நாற்பது என்று எண்ணிய குஞ்சுகள் பத்தாகக் குறைந்து, பின்னர் இரண்டு மூன்றாகி மறைந்துவிடுகின்றன. பெற்ற தாயே தின்றுவிட்டது என்ற முடிவுக்கு வீட்டார் வருகின்றனர்.

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. தாய் மீனின் வாய்க்குத் தப்பித் தனித் தொட்டிக்கு மாற்றப்பெற்ற குஞ்சுகளும் இதேபோல் மடிகின்றன. அவற்றின் இறப்பிற்குக் காரணம் பெரும்பாலும் கெட்டுப்போன நீரும் அளவறியாமல் இடப்பெறும் உணவுமே ஆகும். குஞ்சுகளிடம் அன்பு மிகுந்தவர் தொட்டியில்தான் இவ்விழப்பு மிகுதியாக நேர்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஓடையில் பிறந்த மீன்

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதனை அடுத்த டிரினிடாட் தீவும் ஆகும். வெனிசுவேலா நாட்டிலிருந்து பெறப்பட்ட மீன்களைக் கொண்டு ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859-இல் இதனை முதன்முதலாக விவரித்தார். டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் சில மீன்களை இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். அங்குப் பணியாற்றிய ஆல்பர்ட் கியூந்தர் அவற்றைப் புதிய இனம் எனக் கருதி, 1866-இல் அனுப்பியவரின் பெயரையே சூட்டினார். அறிவியற்பெயர் பின்னர் மாறிவிட்டது. 'கப்பி' என்ற வழக்குப்பெயரோ நிலைத்துவிட்டது. இன்று இது பொசிலியா ரெட்டிகுலேட்டா என அழைக்கப்பெறுகிறது.

இந்தியாவிற்கு இம்மீன் அழகுக்காக மட்டும் வரவில்லை. கொசுப்புழுக்களைத் தின்னும் இயல்பினால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது இங்குக் கொண்டுவரப்பட்டது. 1971-இல் உருவான நகர்ப்புற மலேரியாத் திட்டத்திலும் கிணறுகள், அலங்கார நீர்த்தொட்டிகள் போன்றவற்றில் கொசுப்புழுவை ஒழிக்க இது விடப்பட்டது. ஒரே மீன் சுகாதாரத் துறைக்குப் பணியாளாகவும் வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாகவும் இருப்பது அரிதே.

டிரினிடாடின் மலை ஓடைகளில் இம்மீனைப் பற்றி நிகழ்த்தப்பெற்ற ஆய்வு ஒன்று குஞ்சு வளர்ப்போருக்கும் பொருந்துவதாகும். 1976-இல் ஜான் எண்ட்லர் என்ற அறிஞர், பெரிய மீன்கள் கப்பிகளை வேட்டையாடும் ஓர் ஆற்றுப் பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, அத்தகைய வேட்டை மீன்கள் இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். 11 ஆண்டுகளுக்குப் பின் டேவிட் ரெஸ்னிக்கும் அவருடைய துணைவர்களும் அவற்றின் வழித்தோன்றல்களை ஆராய்ந்தனர். புதிய ஓடையின் மீன்கள் காலந்தாழ்த்திப் பருவமடைந்தன. குறைந்த எண்ணிக்கையில், ஆனால் உருவில் பெரிய குஞ்சுகளை ஈன்றன. ஆய்வின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. ஆபத்து மிகுந்த இடத்தில் பல சிறு குஞ்சுகளை ஈனுவதும், ஆபத்து குறைந்த இடத்தில் சில பெரிய குஞ்சுகளை ஈனுவதும் இவ்வினத்தின் வழி எனத் தெளிவாயிற்று.

இங்கே அறிய வேண்டியது யாதெனில், தாய் கப்பி தன் குஞ்சுக்குச் செய்வதனைத்தும் வயிற்றிலிருக்கும்போதே முடிந்துவிடுகிறது என்பதாகும். பிறந்த குஞ்சுக்கு அது உணவூட்டுவதில்லை, காவல் புரிவதில்லை, குஞ்சைத் தன்னுடையது என அறிவதுமில்லை. ஏறத்தாழ 6 அல்லது 7 மி.மீ. நீளத்தில் பிறக்கும் குஞ்சு, முழு வடிவம் பெற்றுப் பார்வையுடன் நீந்துகிறது. சில மணி நேரத்திற்குள் இரை தேடத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் அதனைக் காப்பது ஓடை. மறைவதற்குக் கரையோரப் பாசியையும், ஓயாது புதுப்பிக்கப்படும் நீரையும், நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கிடைக்கும் நுண்ணிரையையும் ஓடையே தருகிறது. கண்ணாடித் தொட்டியில் இம்மூன்றும் இயல்பாக இல்லை. ஆகவே, குஞ்சு வளர்ப்பவர் நிரப்ப வேண்டியது தாயின் இடத்தை அன்று. ஓடையின் இடத்தையே ஆகும்.

ஈனுவதற்கு முன்

கப்பியின் சினைக்காலம் ஏறத்தாழ நான்கு வாரங்கள். நீரின் வெப்பநிலையைப் பொறுத்து இது 21 நாள் முதல் 30 நாள் வரை வேறுபடும். பெண் மீனின் வயிற்றின் பின்பகுதியில், குதத் துடுப்பிற்குச் சற்று மேலே, கருநிறப் புள்ளி ஒன்று காணப்படும். சினை முதிர முதிர அப்புள்ளி பெரிதாகிக் கருமை அடையும். வெளிர்நிற மீன்களில் குஞ்சுகளின் கண்கள்கூட அதனூடே புலப்படுவதுண்டு. ஈனும் நாள் நெருங்கும்போது வயிறு உருண்டை வடிவம் மாறி, முன்புறம் சதுரமாகத் தோன்றும். மீன் கூட்டத்திலிருந்து விலகி ஒரு மூலையில் ஒதுங்கும்.

ஒரு முறை ஆண் மீனுடன் சேர்ந்த பெண் மீன், விந்தணுக்களைத் தன் உடலில் சேமித்துவைத்துப் பல மாதங்கள் வரை மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனவல்லது. கடையிலிருந்து பெண் மீன்களை மட்டுமே வாங்கி வந்தவர் வீட்டிலும் குஞ்சுகள் பிறப்பது இதனாலேயே. குறிப்பிட்ட நிறமோ வால் வடிவமோ வேண்டி இனவிருத்தி செய்வோர், ஆணுடன் சேராத இளம் பெண் மீனையே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

தாயையும் குஞ்சையும் பிரிப்பதற்கெனத் துளைகளுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. தாய் மேற்பகுதியில் இருக்க, குஞ்சுகள் இடுக்கின் வழியே கீழே விழும் அமைப்பு அது. பார்வைக்குச் சிறந்த ஏற்பாடாகத் தோன்றினும், அதில் ஒரு குறை உண்டு. உள்ளங்கை அகலமுள்ள பெட்டியில் நிறைசினை மீனை நாள் கணக்கில் அடைத்துவைத்தால், அது அஞ்சி அலைக்கழிந்து, முதிராத குஞ்சுகளை ஈனுவதும் ஈனாமலே இறப்பதும் உண்டு. பெட்டியைப் பயன்படுத்துவதாயின், ஈனும் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பின், ஓரிரு நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துதல் நலம். அதனினும் சிறந்தது, 15 அல்லது 20 லிட்டர் கொள்ளும் ஒரு தனித் தொட்டியில் பாசியை அடர்த்தியாக இட்டு, தாயை அதில் விட்டு, ஈன்றதும் பழைய தொட்டிக்கே திருப்பிவிடுவது. குளங்களில் கிடைக்கும் வேலம்பாசியோ கடையில் கிடைக்கும் ஜாவா பாசியோ இதற்குப் போதுமானது. குளத்துப் பாசியை நேரே இடலாகாது. தட்டான்பூச்சியின் இளம்புழு ஒன்று அதில் ஒட்டியிருந்தால், தாய் தின்பதைவிட மிகுதியாகத் தின்றுவிடும். தனி வாளியில் சில நாட்கள் வைத்து, அலசி, உற்றுப் பார்த்த பின்னரே இடுதல் வேண்டும்.

நீர்

குஞ்சு வளர்ப்பில் மிகுதியாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

மீன்கள் கழிக்கும் கழிவிலிருந்தும், தின்னாது எஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் நீரில் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களின் செவுள்களைத் தாக்கும் நஞ்சாகும். ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட் ஒப்புநோக்கத் தீமை குறைந்தது. இப்பாக்டீரியாக்கள் தொட்டியின் சுவர், மணல், வடிகட்டி ஆகியவற்றில் படிந்து போதிய அளவில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். கண்ணாடி பளபளக்க, நீர் பளிங்குபோல் தெளிந்து காணப்படும் புதுத் தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் இல்லை. குஞ்சுகளுக்கென ஆசையுடன் வாங்கிய புதுத் தொட்டியே அவற்றிற்கு முதற் பகையாவது இவ்வாறுதான். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயரும்போது அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது என்பதனால், கோடைக்காலத்தில் இந்த ஆபத்து மேலும் பெருகும்.

இதற்குத் தீர்வு செலவற்றது. குஞ்சுத் தொட்டியை அமைப்பதற்குச் சில வாரங்கள் முன்பாகவே, காற்றுப் பம்பினால் இயங்கும் நுரைப்பஞ்சு வடிகட்டி ஒன்றைத் தாய் மீன்களின் தொட்டியில் கூடுதலாக இயங்கவிடுதல் வேண்டும். அது பாக்டீரியாக்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பின்னர் அதனை எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் பொருத்தினால், புதுத் தொட்டியும் பழந்தொட்டியின் தன்மையைப் பெற்றுவிடும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவுதல் கூடாது. அந்நீரில் உள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசினால் போதும். மோட்டாரினால் நீரை இழுக்கும் வடிகட்டிகள் குஞ்சுகளையும் இழுத்துக்கொள்வதால், முதல் மாதத்தில் அவை பயன்படா. நுரைப்பஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் கொத்தித் தின்பதும் உண்டு. வடிகட்டியே உணவுத் தட்டாகவும் உதவுகிறது.

நாள்தோறும், இயலாவிடில் ஒருநாள் விட்டு ஒருநாள், தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கினை அடியிலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, புதிய நீரை ஊற்றுதல் வேண்டும். குழாயின் முனையில் மெல்லிய துணி கட்டியிருப்பது நல்லது. வெளியேற்றிய நீரை வெண்ணிறப் பாத்திரத்தில் பிடித்து ஒரு முறை பார்த்த பின் கொட்டுவது அனுபவமுள்ளோர் வழக்கம். தப்பி வந்த குஞ்சு அதில் புலப்படும்.

ஊற்றும் நீரைப் பற்றியும் சில கூற வேண்டும். நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். குளோரமின் கலந்த நீராயின் திறந்து வைப்பதால் மட்டும் பயனில்லை. சோடியம் தயோசல்பேட் அடங்கிய, கடையில் விற்கும் நீர் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்தல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்றாலும், அதில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். இரும்புச்சத்து மிகுந்திருப்பதும் உண்டு. எனவே அதனையும் ஒரு நாள் காற்றூட்டி வைத்தல் வேண்டும். நீர் சற்றுக் கடினமாக இருப்பது கப்பிக்குக் கேடன்று. பி.எச். 7 முதல் 8 வரையிலுள்ள மிதமான கடின நீரில் இது நன்கு வளர்கிறது. துணி வெளுக்க உதவாது என்று ஒதுக்கப்படும் கிணற்று நீர் கப்பிக்கு உவப்பாக இருப்பதைக் காணலாம்.

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நன்று. தென்னிந்தியாவின் சமவெளியில் இதற்கெனத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. கொல்கத்தாவிலோ டிசம்பர், ஜனவரி மாதங்களின் இரவு வெப்பநிலை 12, 13 டிகிரி அளவிற்கு இறங்குவதுண்டு. வளர்ந்த மீன்கள் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் உணவைக் குறைத்து, வளர்ச்சி நின்று, நோய்க்கு இரையாகும். சிறு தொட்டி பெரிய தொட்டியைக் காட்டிலும் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அப்பருவத்தில் தொட்டியை அறைக்குள் வைத்து, மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டையால் மறைத்து, 25 அல்லது 50 வாட் சூடேற்றும் கருவியைப் பயன்படுத்துதல் வேண்டும். புதிதாக ஊற்றும் நீரும் அதே வெப்பத்தில் இருத்தல் இன்றியமையாதது. காலைக் குளிரில் வாளியில் இருந்த நீரை அப்படியே ஊற்றுவது, இரவெல்லாம் காத்த குஞ்சுகளை ஒரு நொடியில் வீழ்த்திவிடும்.

உணவு

குஞ்சின் வயிறு மிகச் சிறியது. அது ஒரு வேளையில் நிறையத் தின்று அடுத்த வேளை வரை பொறுத்திருக்கும் இயல்புடையதன்று. முதல் இரண்டு வாரங்களில் நாள் ஒன்றுக்கு நான்கு அல்லது ஐந்து முறையும், அதன்பின் மூன்று முறையும் உணவிடுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடங்களில் தின்று தீரும் அளவே இடத்தக்கது. ஐந்து முறைக்குரிய உணவை அலுவலகம் செல்லுமுன் ஒரே முறையில் கொட்டிவிட்டுச் செல்வதால் வரும் கேடு, பட்டினியால் வருவதைவிடப் பெரிது. எஞ்சிய உணவு நண்பகலுக்குள் அழுகத் தொடங்கும். மாலையில் வீடு திரும்புபவர் வெண்மையாகக் கலங்கிய நீரையும் அதன் அடியில் மடிந்த குஞ்சுகளையும் காண்பார்.

வீடுகளில் பொதுவாகக் கையாளப்பெறுவது அவித்த கோழிமுட்டையின் மஞ்சள் கரு. அதனை மெல்லிய துணியில் முடிந்து, கிண்ணத்து நீரில் பிழிந்து, பால்போல் வரும் கலவையில் சில துளிகளை இடுவர். சத்து மிகுந்ததே எனினும், நீரை இதைவிட விரைவில் கெடுக்கும் உணவு வேறில்லை. வேறு வழியில்லாத முதல் ஓரிரு நாட்களுக்கு மட்டும் இதனை வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் மீன் உணவை விரல்களுக்கிடையே மாவாகப் பொடித்து இடுவது இதைவிடப் பாதுகாப்பானது.

உயிருணவே அனைத்திலும் சிறந்தது. அவற்றுள் முதலிடம் பெறுவது ஆர்ட்டிமியா என்னும் உப்பு நீர் இறால். அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் டப்பாக்களில் விற்கப்பெறுகின்றன. உலகச் சந்தைக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பெரிய உப்பு ஏரி முக்கிய ஊற்றாக இருந்துவருகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டிமியா வாழ்கிறது. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் வரை அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து, கவிழ்த்த பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, அரைத் தேக்கரண்டி முட்டையை இட்டு, காற்றுக் குழாயால் ஓயாது கலக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். 28 டிகிரி வெப்பமும் விளக்கொளியும் இருந்தால் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் செம்மஞ்சள் நிறப் புழுக்கள் வெளிவரும். காற்றை நிறுத்திச் சற்று நேரம் விட்டால், வெற்று ஓடுகள் மேலே மிதக்க, உயிருள்ளவை ஒளி விழும் பக்கத்தில் அடியில் திரளும். அவற்றைச் சிறு குழாயால் எடுத்து, துணியில் வடித்து, நன்னீரில் அலசி, குஞ்சுகளுக்கு இடலாம். தின்ற குஞ்சின் வயிறு செம்மஞ்சள் நிறமாக வெளியே தெரியும். எந்தக் குஞ்சுக்கு உணவு கிட்டியது, எதற்குக் கிட்டவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உணவு பிறிதில்லை. நன்னீரில் இப்புழுக்கள் சில மணி நேரமே உயிர்வாழும் என்பதால், இதிலும் அளவு தேவை.

ஆர்ட்டிமியா முட்டையின் விலை சிறு வளர்ப்பாளருக்குச் சுமையாகலாம். அத்தகையோர் மொய்னா என்னும் நன்னீர் நுண்ணுயிரைக் கொல்லைத் தொட்டியிலேயே வளர்த்துக்கொள்ளலாம். வெயில் படும் தொட்டியில் நீர் நிரப்பிச் சிறிதளவு சாணமோ கடலைப் பிண்ணாக்கோ ஊறவைத்தால், சில நாட்களில் நீர் பசுமையேறும். அதில் சிறிது மொய்னாவை விட்டால் பெருகிவிடும். மெல்லிய வலையால் அரித்து, அலசி இடலாம். தின்னப்படாதவையும் நீரில் உயிருடனேயே இருப்பதால் தொட்டி கெடுவதில்லை.

கொல்கத்தாப் பகுதியில் சாக்கடைகளிலிருந்து திரட்டப்பெறும் டியூபிஃபெக்ஸ் புழு வளர்ந்த மீன்களுக்குப் பெருவாரியாக இடப்பெறுகிறது. மலிவானது, சதைப்பற்றுள்ளது என்பவை உண்மையே. ஆயின் அது பிறக்குமிடத்தின் நோயணுக்களையும் உடன் கொண்டுவரும். ஓடும் நீரில் நாள் கணக்கில் அலசிய பின்னரும் அதனை முதல் மாதக் குஞ்சுகளுக்கு இடாதிருத்தலே தக்கது.

பிரிக்கும் காலம்

மூன்றாவது, நான்காவது வாரங்களில் ஆண், பெண் வேறுபாடு புலப்படத் தொடங்கும். ஆண் குஞ்சின் குதத் துடுப்பு விசிறி வடிவம் மாறி, கம்பிபோல் கூராகும். பெண் குஞ்சில் அத்துடுப்பு முக்கோணமாகவே இருக்க, வயிற்றில் கரும்புள்ளி தோன்றும். வால் வண்ணம் வரட்டும் என்று காத்திருப்போர் ஏமாறுவர். வண்ணம் முழுமை பெறுமுன்பே சில ஆண் மீன்கள் முதிர்ந்துவிடும். முன்பு கூறியதுபோல், ஒரு முறை சேர்ந்த பெண் மீன் அவ்விந்தணுவைப் பல மாதங்கள் வைத்துக்கொள்ளுமாதலால், நான்காம் வாரம் முடிவதற்குள் இரண்டையும் வெவ்வேறு தொட்டிகளுக்கு மாற்றிவிடுதல் வேண்டும். இப்பணியில் ஒரு வாரத் தாமதம், மாதக்கணக்கில் பேணிய இனத்தூய்மையைக் கெடுத்துவிடும். முதுகு வளைந்தவை, நேராக நீந்த இயலாதவை ஆகியவற்றை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாகாது.

முதல் இரண்டு வாரம் 20 லிட்டர் தொட்டியில் நலமாக இருந்த நாற்பது குஞ்சுகளுக்கு, ஒரு மாதம் கடந்ததும் அவ்விடம் போதாது. நெருக்கத்தில் வளர்ந்தவை உருவிற் சிறுத்தே நின்றுவிடும். பின்னர் எவ்வளவு உணவிட்டாலும் அக்குறை முழுதும் நீங்குவதில்லை.

வருவாயும் உழைப்பும்

வீட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கியது பலருக்கும் சிறுதொழிலாக மாறுவதுண்டு. ஒரு கணக்கினை எடுத்துக்கொள்ளலாம். பத்துத் தாய் மீன்கள், மாதம் ஒவ்வொன்றும் முப்பது குஞ்சுகள் வீதம் ஈன்றால், மாதத்திற்கு 300 குஞ்சுகள். மூன்றில் ஒரு பங்கு பிழைத்தால் விற்பனைக்கு 100 மீன்கள்; மூன்றில் இரண்டு பங்கு பிழைத்தால் 200 மீன்கள். தொட்டியின் விலையும் பம்பிற்கான மின்கட்டணமும் இரண்டு நிலையிலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஆதாயமா, இழப்பா என்பதை முடிவு செய்வது இதுகாறும் கூறிய முப்பது நாட்களேயாம்.

புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் வண்ண மீன் வளர்ப்பில் பயிற்சி அளித்துவருகிறது. 2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகு ஒன்றிற்கு ரூ. 3 லட்சம் எனச் செலவு வரையறுக்கப்பட்டது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியம் என அறிவிக்கப்பட்டது.

மானியம் தொட்டிக்கும் கொட்டகைக்கும் உதவும். நாளொன்றுக்கு ஐந்து முறை தொட்டியருகே நிற்பதற்குரிய நேரத்தை எந்த மானியமும் தருவதில்லை. இத்தொழில் பெண்கள் 'ஓய்வு நேரத்தில்' செய்யத்தக்கது என்று கூறப்படுவதுண்டு. சமையல், குழந்தை வளர்ப்பு, தண்ணீர் பிடித்தல் என்று பகல் முழுவதும் பணியிலிருக்கும் ஒருவருக்கு அந்த ஓய்வு நேரம் எது என்பதைப் பயிற்சி நடத்துவோர் முதலில் கேட்டறிதல் வேண்டும். பயனாளியைத் தேர்வு செய்யும் அலுவலர், இடப்பரப்பையும் நீர் வசதியையும் பார்ப்பதோடு, பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் குஞ்சுகளுக்கு உணவிட வீட்டில் யார் இருப்பர் என்று கேட்டால், பின்னாளில் காலித் தொட்டிகள் சில குறையும். பயிற்சியும் இரண்டு நாள் சொற்பொழிவாக முடிந்துவிடாமல், பயிற்சி பெறுபவர் ஓர் ஈற்றுக் குஞ்சுகளையேனும் ஒரு மாதம் வளர்த்துக் காட்டிய பின் கடன் பெறுவதாக அமைந்தால் நன்மை மிகும். அதற்கு 20 லிட்டர் தொட்டி ஒன்றும் காற்றுப் பம்பு ஒன்றும் போதும்.

நன்கு பிழைத்துப் பெருகியவர் வீட்டில் வேறொரு சிக்கல் எழும். மிகுதியான மீன்களைக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடும் எண்ணம் தோன்றும். கொசு ஒழியும் என்ற நல்லெண்ணமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். இது தவிர்க்கத்தக்கது. கப்பி வெளிநாட்டு மீன். மாசடைந்த நீரிலும் பிழைத்துப் பெருகி, உள்நாட்டுச் சிறு மீன்களின் இடத்தையும் இரையையும் கவர்ந்துகொள்ளும். வங்காளத்தின் குளங்களில் 'தேசோகா' என வழங்கும் சிறு மீன், கொசுப்புழுவைத் தின்னும் பணியைத் தொன்றுதொட்டுச் செய்துவருவதே. மூடிய கிணறு, சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றிலும்கூட, உள்ளூர்ச் சுகாதார அலுவலரைக் கேட்டே கப்பியை விடுதல் வேண்டும். மிகுதியானவற்றைக் கடைக்காரரிடம் திருப்பித் தருவதோ, பிற வளர்ப்போருக்கு வழங்குவதோ நல்ல வழி.

விற்பனைக்கு அனுப்பும் மீன்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வயதினவாக இருக்கும். அனுப்புவதற்கு முதல் நாள் முழுவதும் அவற்றிற்கு உணவிடுவதில்லை; பையில் உள்ள சிறிதளவு நீரைக் கழிவு கெடுத்துவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பகுதி உயிர்வளியுமாக நிரப்பி, மூலைகளில் மீன் சிக்கிக்கொள்ளாதபடி அடிமுனைகளை ரப்பர் வளையத்தால் கட்டி, விடியுமுன்பே சந்தைக்குக் கொண்டுசெல்வர். வாங்கிச் செல்பவர் பையைத் தம் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒன்றான பின் மீன்களை விடுதல் வேண்டும். அவற்றுள் வயிறு பருத்த பெண் மீன் ஒன்றிருந்தால், அந்தத் தொட்டியிலும் சில வாரங்களில் ஊசிமுனைக் குஞ்சுகள் தென்படும்.